லாரியை லீசுக்கு எடுத்து ஓட்டிச் சொந்த வண்டிக்காரர் ஆவது எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பல ஆண்டுகள் பிறர் லாரியை ஓட்டியவர், கையில் முன்பணம் சேர்ந்ததும் தவணையில் வண்டி எடுக்கத் துடிப்பது இயல்பு. ஆனால் வண்டியை ஓட்டுவது வேறு, வண்டியை வைத்து நடத்துவது வேறு. இரண்டாவதைக் கற்கும் காலத்தில் பெருங்கடன் தலைமேல் இருக்கக் கூடாது என்பதால், ஓராண்டாவது லீசு வண்டியை நடத்திப் பாருங்கள் என்றே நான் வற்புறுத்துவேன்.

முதலில் சரக்கை முடிவு செய்யுங்கள். வண்டி அதற்குப் பிறகுதான். ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து ரசாயனம் ஏற்ற நினைத்தால், அபாயகரமான பொருள்களுக்கான பயிற்சியை முடித்து, அதை ஓட்டுநர் உரிமத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆறு சக்கர வண்டிக்குச் சரக்கும் வண்டியும் சேர்த்து 18.5 டன்னும், பத்துச் சக்கர வண்டிக்கு 28.5 டன்னும் உச்ச வரம்பு. அதை மீறினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிக பாரம் ஏற்றினால்தான் கட்டுப்படியாகும் என்ற வாடகையை ஏற்கவே வேண்டாம்.

அடுத்தது காகிதங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்னும் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், காலாண்டு வரி ஆகிய ஐந்தையும் அசலாகப் பாருங்கள். ஒரு தாளை, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிந்த எண்ணை ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். வண்டியின் மேல் கடன் இருந்தால், கடைசித் தவணை எப்போது கட்டப்பட்டது என்பதைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கு அறிக்கையிலேயே பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் லீசுக்கு எடுத்த வண்டிக்கு அதன் உரிமையாளர் நான்கு மாதம் தவணை கட்டாமல் இருந்திருக்கிறார். நான் மாதந்தவறாமல் லீசுப் பணம் கொடுத்தும், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே, ஏற்றிய லோடோடு வண்டியைக் கடன் கொடுத்த நிறுவனத்தார் பிடித்துக்கொண்டார்கள். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிய கூலியும் என் தலையில்தான் விழுந்தது.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டயர், எஞ்சின் வேலை, எஃப்.சி. செலவு, இன்சூரன்ஸ் ஆகியவை யார் பொறுப்பு என்பது ஒவ்வொன்றாக அதில் இருக்க வேண்டும். லீசுப் பணத்தில் ஒரு பகுதியைப் பின்னாளில் விலையில் கழித்துக்கொள்வதாக உரிமையாளர் வாயால் சொன்னால், தொகையோடு அதையும் எழுதச் சொல்லுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், லீசு ஒப்பந்தத்தின்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவரையும் ‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. எனவே விபத்து வழக்கு உங்கள் மேலும் வரலாம். லீசு விவரத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி வரவு செலவு எழுதும் நோட்டு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு நடைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வேலூரிலிருந்து பெங்களூரு போய்வர 420 கிலோமீட்டர் என்றும், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றும், டீசல் 92 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், 105 லிட்டருக்கு 9,660 ரூபாய். அதன் கீழே சுங்கம், புரோக்கர் கமிஷன், ஏற்றுகூலி இறக்குகூலி, கிளீனர் பேட்டா, டயருக்கென ஒதுக்கும் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். ஓட்டுநர் சம்பளமாக உங்களுக்கும் ஒரு தொகை எழுதுங்கள். பலர் இதை விட்டுவிட்டுத் தம் கூலியையே லாபம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ரிட்டர்ன் லோடுக்காகக் காத்துக் கிடந்த நாள்களையும் குறிக்க வேண்டும். மாத லீசு 60,000 ரூபாயாக இருந்து, வண்டி 20 நாள் ஓடினால், ஓடிய ஒவ்வொரு நாளும் 3,000 ரூபாய் சுமக்கிறது. 15 நாளே ஓடினால் அது 4,000 ஆகிவிடும்.

பன்னிரண்டு மாத நோட்டில் மிக மோசமான இரண்டு மாதங்களை எடுத்துப் பாருங்கள். லீசுத் தொகையை நீக்கி அந்த இடத்தில் தவணை, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., பெர்மிட் ஆகியவற்றின் மாதப் பங்கை வைத்த பிறகும் அந்த மாதங்கள் தாங்கினால், வாங்கலாம். வண்டி எட்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

வாங்கும்போது படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய கடன் முடிந்திருந்தால், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35ஐயும் தடையில்லாச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றாமல் ‘தவணையை நீ கட்டி ஓட்டிக்கொள்’ என்னும் ஏற்பாட்டுக்கு, சொந்தக்காரரே சொன்னாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.