ஆஸ்பத்திரித் துணைக்கு இருப்பவர் வயலுக்குப் போய்வர

அயித்தை வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில், காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் 18 நாள் துணைக்கு இருந்தேன். நாலாம் நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: "ஏம்ப்பா, படுத்திருக்கிறது நானா நீயா? எங்கிட்டாவது நடந்துட்டு வா. அப்படியே கண்மாய் பெருகிருச்சான்னு பாத்துட்டு வா." மார்கழி மாதம். புதுவயல் பஸ்ஸில் ஏறி, கண்டனூர் தாண்டி வயல் கண்ணில் பட்ட இடத்தில் இறங்கிவிடுவேன்.

நேரம்தான் முக்கியம். ஆபரேஷன் நாளிலும் மறுநாளும் எங்கேயும் போக வேண்டாம். மற்ற நாட்களில் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, மருந்து வாங்கிக் கொடுத்த பிறகு கிளம்புங்கள். நான் முதல் தடவை, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று விடிகாலையிலேயே போய்விட்டேன். கண்மாய்க்கரைக்குக் கீழே இறங்கினால் போனில் டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் கையெழுத்துப் போட ஆளைத் தேடியிருக்கிறார்கள். தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு, தம்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நான் எழுந்திருப்பேன். அவன் நம்பரையும் என் நம்பரையும் சிஸ்டரிடம் எழுதிக் கொடுத்துவிடுவேன். நடக்கும்போது கால் மணிக்கு ஒரு தடவை கரைமேல் ஏறிப் போனைப் பார்த்துக்கொண்டால் போதும். கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பதென்றால் வார்டிலேயே இருந்துவிடலாம்.

கண்மாய்க்கரையில் செருப்பைக் கழற்றாதீர்கள். சீமைக்கருவேல முள் சும்மா விடாது. ஈர வரப்பில் செருப்பு வழுக்கும். அங்கே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் காலில் புண்ணோ வெட்டோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். வீட்டில் ஒரு நோயாளி போதும். புதிதாக மண் வைத்து அணைத்த வரப்பு என்றால் சுற்றிப் போங்கள், மிதித்தால் உடைந்துவிடும். புல் அடர்ந்த இடத்தில் குச்சியால் தட்டிக்கொண்டே நடங்கள். கண்ணாடிவிரியன் நமக்கு வழிவிட்டு ஒதுங்குகிற சாதி இல்லை.

எப்படியும் யாராவது "யாரு வீடு?" என்று கேட்பார்கள். குனிந்து வேலை செய்கிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "சரியாப் போயிரும்" என்றுவிட்டு வேலையைப் பார்ப்பார். டீக்கடை பெஞ்சில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள். இதே ஆபரேஷன் செய்து திரும்பி வராதவர்கள் கதை நாலாவது அவரிடம் இருக்கும். நான் அங்கே கல்யாணத்துக்கு வந்ததாகச் சொல்லிவிடுவேன்.

என்ன பார்ப்பது? சும்மா நடந்தால் மனசு மறுபடியும் பில் கட்டுகிற கவுண்டருக்கே போய்விடும். அதனால் பயிரைப் பாருங்கள். ரவுண்ட்ஸ் முடிந்து போனால் சரியாகப் பத்து, பதினொரு மணி இருக்கும். நெல் பூக்கும் நேரம் அது. உமி மெல்லத் திறந்து, வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் தொங்கும். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். பூத்து ஏறக்குறைய 30 நாளில் அறுப்பு. உட்கார்ந்துதான் பார்க்க முடியும். நின்றபடி பார்த்தால் வெறும் பச்சைதான். ஒரு வாரம் கழித்து அதே வரப்பில் ஒரு மணியை நசுக்கினால் பால் வரும். ஒன்றுக்கு மேல் நசுக்காதீர்கள், அது யாரோ ஒருவருடைய சோறு. அப்புறம் ஏதோ ஒரு பக்கமிருந்து நெல் அவிக்கிற வாசம் காற்றில் வரும், புதுவயல் அரவை மில்களிலிருந்து. ஆஸ்பத்திரி டெட்டால் வாடை அப்போதுதான் மூக்கைவிட்டுப் போகும்.

ஒரு மணி நேரம் போதும். திரும்பியதும் சேற்றுக்காலோடு வார்டுக்குள் போகாதீர்கள். காலைக் கழுவி, வேட்டியை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் கட்டிலைத் தொட வேண்டும். தையல் போட்ட உடம்பு அது.

போனதைப் படுத்திருப்பவரிடம் மறைக்க வேண்டியதில்லை. நான் வந்ததும் அயித்தையிடம் ஒப்பிப்பேன்: கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது, தெற்கே கதிர் வாங்கிவிட்டது, கொக்கு நிறைய.

"கடைமடைக்குத் தண்ணி போகுதா?"

பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப நீ வயலுக்குப் போகல. ரோட்டோரமா நின்னுட்டு வந்திருக்க."