பேட்டரி டவுன், டிக்கி திறக்கவில்லை: அவசரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

பேட்டரி செத்துப்போய் டிக்கி திறக்காத காரில், பூட்டு கெட்டிருப்பது அபூர்வம். அதைத் திறக்கப் போய் நசுங்கும் தகடும் உரியும் பெயின்டும்தான் டின்கரிங் கடைக்கு வேலை வைக்கின்றன. ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் லீவர், அங்கிருந்து டிக்கி வரை ஒரு கேபிள் என்று இருந்த பழைய கார்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது. பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் லீவரை இழுத்தால் திறக்கும். இப்போது பல கார்களில் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு ரப்பர் பட்டன், லாக்குக்குள் ஒரு குட்டி மோட்டார். கரன்ட் இல்லையென்றால் பட்டன் வெறும் ரப்பர்தான்.

லாக்குக்குள் நடப்பது எளிமையான விஷயம். கார் பாடியில் இருக்கும் வளைந்த கம்பியை மூடியில் இருக்கும் கொக்கி கவ்விக்கொள்ளும். அந்தக் கொக்கி திரும்பிவிடாமல் ஒரு சிறு நாக்கு தடுத்து நிற்கும். மோட்டார் செய்வது அந்த நாக்கைச் சில மில்லிமீட்டர் நகர்த்துவது மட்டுமே. ஒரு சாவியோ, கம்பியோ, ஓரிரு நொடி 12 வோல்ட்டோ அதே வேலையைச் செய்துவிடும். டிக்கியைத் திறக்க வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டிய அவசியமே இல்லை. கீழே சொல்லும் தவறுகளில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

பேட்டரிதான் என்று பார்க்காமலே முடிவு செய்வது

முதலில் ஹாரன் அடித்துப் பாருங்கள், உள்விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் நன்றாக வேலை செய்தால் கார் பேட்டரி குற்றவாளி இல்லை. ரிமோட்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான ரிமோட்டில் அது சிஆர்2032. டிக்கி பட்டனின் ரப்பர் வெயிலில் வெடித்து, மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே சுவிட்ச் துருப்பிடித்திருக்கலாம். மூடியின் கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர், திறந்து மூடித் திறந்து மூடி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கலாம். சில கார்களில் டிக்கியைத் தனியாகப் பூட்டி வைக்கும் சுவிட்ச் டேஷ்போர்டு அறையில் இருக்கும். சர்வீசுக்குக் கொடுத்தபோது யாராவது அமுக்கி விட்டிருந்தால் நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

பட்டனை அமுக்கும்போது டிக்கியில் காதை வைத்துக் கேளுங்கள். ‘டக்’ சத்தம் வந்தும் திறக்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரன்ட் போகிறது, கொக்கி இறுகியிருக்கிறது. உள்ளே திணித்த பெட்டி மூடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். ஒருவர் மூடியை உள்ளங்கையால் கீழே அழுத்திக்கொள்ள, இன்னொருவர் பட்டனை அமுக்கினால் நாக்கின் மேலுள்ள இறுக்கம் தளர்ந்து பல சமயம் உடனே திறந்துவிடும். சத்தமே இல்லாமல் எல்லா விளக்கும் செத்திருந்தால்தான் பேட்டரிக் கதை.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே என்றால் அரைப்பட்டினி. 9, 10 என்று இறங்கிவிட்டால் பல கார்களில் லாக் மோட்டார் அசையாது.

சாவித்துளையைத் தேடாமல் நெம்பத் தொடங்குவது

ஸ்மார்ட் கீ என்பதால் சாவியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ரிமோட்டின் ஓரத்தில் சிறு தாழ் ஒன்று இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் மெல்லிய உலோகச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் துளை தெரியாவிட்டால், கைப்பிடியின் பின்பகுதியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறதா பாருங்கள். செடான்களில் டிக்கிக்கென்று தனித்துளை நம்பர் பிளேட் விளக்கின் பக்கத்திலோ, மூடியின் ஓரத்திலோ ஒளிந்திருக்கலாம். எல்லாக் காரிலும் இருக்காது. உரிமையாளர் கையேட்டைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வருடக்கணக்கில் சாவியே நுழையாத துளை புழுதியில் இறுகிப் போயிருக்கும். அங்கே பலத்தைக் காட்டினால் மெல்லிய சாவி உள்ளே முறிந்து நின்றுவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து, பத்து நிமிடம் விட்டு, சாவியை உள்ளே வெளியே என்று நகர்த்தியபின் திருப்புங்கள்.

சட்டமில்லாத கண்ணாடிக் கதவுள்ள இரண்டு கதவு கார்களில் இன்னொரு சிக்கல். கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் போல இறங்கி ரப்பரிலிருந்து விடுபட வேண்டும். கரன்ட் இல்லாதபோது இறங்காது. கதவை மெதுவாக இழுத்துத் திறக்கலாம். திரும்பச் சாத்தவே சாத்தாதீர்கள்.

கடப்பாரை, பெரிய ஸ்க்ரூ டிரைவர் வகையறாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொக்கி கவ்வியிருக்கும் கம்பி கெட்டி இரும்பு. மூடியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. நெம்பினால் வளைவது எது என்று யோசித்தாலே போதும். ஓரம் வளைந்த மூடி அப்புறம் ரப்பரில் சரியாக உட்காராது. முதல் மழையில் ஸ்டெப்னி குழி தொட்டியாகிவிடும்.

பின்சீட் வழியாகப் போவதில் உள்ள பொறிகள்

பின்சீட்டை மடித்து உள்ளே போவது நல்ல யோசனை, மடிக்கும் தாழ் சீட்டின் தோளில் இருந்தால். பல செடான்களில் அந்தத் தாழே டிக்கிக்குள்தான் இருக்கும். அப்போது நடுவிலுள்ள கைதாங்கியை இறக்கி, அதன் பின்னால் சிறு கதவு இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் கையையோ கொக்கி வளைத்த கம்பியையோ விட்டு மடிப்புத் தாழை இழுத்துவிடலாம்.

டாக்சியாக ஓடும் சிஎன்ஜி கார்களில் சீட்டுக்குப் பின்னால் சிலிண்டர் அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் வால்வு, குழாய்களுக்கு இடையே கம்பி விட்டுத் துழாவுவது வேண்டவே வேண்டாம். ஹைபிரிட் கார்களிலும் அப்படித்தான். ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயரைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தாலும், வண்டியை ஓட்டும் உயர் வோல்ட் பெரிய பேட்டரி சாகவில்லை.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் தயாரான டிக்கி வைத்த கார்களில், உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வர ஒரு விடுவிப்புப் பிடி கட்டாயம். இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் பிடியாக அது லாக்குக்குப் பக்கத்தில் தொங்கும். மற்ற நாடுகளில் விற்கும் கார்களில் அது இல்லாமலும் போகலாம். இருந்தால் கேபிளின் போக்கிலேயே நேராக இழுங்கள். பக்கவாட்டில் வெட்டி இழுத்தால் பிளாஸ்டிக் முனை உடையும்.

ஹேட்ச்பேக், எஸ்யூவிகளில் பெரும்பாலும் வழி இன்னும் எளிது. பின்சீட்டை மடித்து, பின்கதவின் உள்பக்க அட்டையில் லாக்குக்கு நேரே பாருங்கள். கட்டைவிரல் அளவு மூடி ஒன்று இருக்கும். துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரால் அதை எடுத்தால் உள்ளே சிறு லீவர் தெரியும். கையேட்டில் காட்டிய பக்கம் தள்ளினால் கதவு விடுபடும். பல சுசுகி, ஹூண்டாய், டொயோட்டா கார்களில் இந்த ஏற்பாடு உண்டு. இதைப் பார்க்காமல் அட்டை முழுவதையும் பிய்த்து எடுப்பவர்கள் கிளிப்புகளை உடைத்துவிட்டு, அப்புறம் கதவு கடகடக்கிறது என்று வருத்தப்படுவார்கள். தானாகத் திறக்கும் மோட்டார் கதவாக இருந்தால் லாக் விடுபட்டபின் கையால் நிதானமாகத் தூக்குங்கள், உதறித் தூக்காதீர்கள்.

கரன்ட் கொடுப்பதில்தான் அதிகச் சேதம்

பேட்டரி பானட்டுக்குள் இருக்கும் காருக்கு அழகான வழி ஒன்று உண்டு. பானட் பெரும்பாலும் கேபிளில்தான் திறக்கும். 10 நம்பர் ஸ்பேனரால் செத்த பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றித் தள்ளி வையுங்கள். ஒரு பைக் பேட்டரியோ, யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியோ போதும். அதன் பாசிட்டிவை காரின் பாசிட்டிவ் கிளாம்புக்கும், நெகட்டிவைக் கழற்றிய கிளாம்புக்கும் கொடுங்கள். செத்த பேட்டரி சுற்றில் இல்லாததால் முழு வோல்ட்டும் காருக்கே போகும். ரிமோட்டை அமுக்குங்கள், டிக்கி திறக்கும். அந்தக் குட்டி பேட்டரியை வைத்து செல்ஃப் அடிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேல். மெல்லிய ஒயர் உருகிவிடும்.

பேட்டரியே டிக்கிக்குள் இருந்தால்தான் பூட்டுக்குள் சாவி என்ற நிலைமை. பல பிஎம்டபிள்யூ 3, 5 சீரிஸ் கார்கள், இலங்கையில் நிறைய ஓடும் இரண்டாம், மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் எல்லாம் இந்த ரகம். கம்பெனிக்காரர்கள் இதை யோசிக்காமல் இல்லை. பானட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட பாசிட்டிவ் முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். பிரியஸில் அது ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கும். போர்ஷே 911இன் பிந்தைய 996, 997 மாடல்களில் பேட்டரி முன்டிக்கியில். ஓட்டுநர் காலடி ஃபியூஸ் பெட்டியிலிருந்து பாசிட்டிவ் முனையை வெளியே இழுத்து, நெகட்டிவைக் கதவு லாக் மாட்டும் இரும்புக்குக் கொடுத்தால் முன்மூடி திறக்கும். டெஸ்லா மாடல் 3இல் முன்பம்பரில், வண்டியைக் கட்டி இழுக்கும் கொக்கிக்கான மூடிக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள் இருக்கும். அங்கே 12 வோல்ட் கொடுத்தால் முன்மூடி மட்டும் விடுபடும், பேட்டரி சார்ஜ் ஆகாது. போர்ஷே, டெஸ்லா இரண்டிலுமே இந்த வழி மூடியைத் திறக்க மட்டும்தான்; இதில் வண்டியை ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது தவறு.

சிகரெட் லைட்டர் சாக்கெட் வழியாகப் பின்னோக்கிக் கரன்ட் கொடுக்கும் தந்திரம் இணையத்தில் பிரபலம். சாவி போடாமலே சாக்கெட் வேலை செய்யும் கார்களில் மட்டுமே அது பலிக்கும். இன்றைய பல கார்களில், சாவி போட்டால் மட்டும் கரன்ட்டை இணைக்கும் ரிலே நடுவில் இருப்பதால் உள்ளே போகவே போகாது. போனாலும், செத்த பேட்டரி முதல் ஆளாக வாயைத் திறந்து கரன்ட்டை உறிஞ்சும். 10 முதல் 20 ஆம்பியர் வரையிலான ஃபியூஸ் பட்டென்று போகும். 9 வோல்ட் ரேடியோ பேட்டரி இங்கே தோற்பதற்கும் இதுவே காரணம். நம்பர் பிளேட் விளக்கின் ஒயரைப் பிடித்துக் கொடுப்பது இன்னும் மோசம். பழைய காரில் அது சுவிட்சைத் தாண்டி எங்கும் போகாது. புதிய காரில் விளக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் வெளிவாசலுக்குள் எதிர்த்திசையில் கரன்ட் ஏற்றுகிறீர்கள்.

ஜம்பர் கேபிள் போடும் வரிசையை மாற்றாதீர்கள். சிவப்பு முதலில் செத்த காரின் பாசிட்டிவுக்கு, மறுமுனை நல்ல காரின் பாசிட்டிவுக்கு. கறுப்பு நல்ல காரின் நெகட்டிவுக்கு, மறுமுனை செத்த காரின் எஞ்சின் அல்லது பாடியில் பெயின்ட் இல்லாத கெட்டி இரும்புக்கு. கழற்றும்போது தலைகீழ் வரிசை. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால்தான் அதைப் பேட்டரிக்கு விலகி வைக்கச் சொல்கிறோம். சின்ன பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். கடையில் தடியாகத் தெரிவதில் பாதி ரப்பர்தான்.

நம்மூரில் நடக்கும் கொடுமை, பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து கரன்ட் எடுப்பது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். அது காருக்குள் போனால் டிக்கி திறக்கலாம், கூடவே காரின் கம்ப்யூட்டரான ஈசியூவும் போகலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினாலும் கதை அதேதான். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் முதல் பலி.

கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் பேட்டரியில் கொஞ்சமாவது வோல்ட் இருந்தால்தான் கண் விழிக்கும். முழுக்கச் செத்திருந்தால் ‘பூஸ்ட்’ பட்டனை அமுக்கச் சொல்லும். பல கருவிகளில் அந்த நேரம் தலைகீழ் இணைப்புக்கான பாதுகாப்பும் அணைந்திருக்கும். அமுக்கும் முன் நிறத்தை இன்னொரு முறை பாருங்கள்.

கரன்ட் வந்ததும் அலாரம் அலறினால் பயந்து கேபிளைப் பிடுங்காதீர்கள். சாவியால் கதவைத் திறந்ததைத் திருட்டு என்று கார் நினைத்துக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் அன்லாக் அமுக்கினால் அடங்கும்.

திறந்தபின் மூடிவிடுவது

டிக்கி பேட்டரிக் கார்களில், பேட்டரியைச் சார்ஜுக்குக் கழற்றிவிட்டுப் பழக்கதோஷத்தில் மூடியைச் சாத்துகிறார்கள். திரும்பவும் முதல் அத்தியாயம். மூடி திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியை ‘க்ளிக்’ என்று மூடிய நிலைக்குத் திருப்பி வைத்தால், மூடி சும்மா உட்காருமே தவிர கவ்வாது. டிக்கி விளக்கும் அணைந்துவிடும். வேலை முடிந்ததும் பட்டனை அமுக்கிக் கொக்கியைத் திறந்துவிட்டுத்தான் சாத்த வேண்டும். மறந்து ஓங்கி அடித்தால் கொக்கி வளையும்.

இருபது நிமிடம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு, ஏன் இறங்கியது என்றும் பாருங்கள். பூட்டி நிறுத்தி, கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கியபின் கார் இழுக்கும் கரன்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பல முறை திருடன் டிக்கி விளக்குதான். மூடியும் அணையாத 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியை நாலைந்து நாளில் காலி செய்துவிடும். மொபைலில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடி, சற்றுப் பொறுத்துத் திறந்து பார்த்தால் விளக்கு அணைகிறதா என்று தெரிந்துவிடும். காரின் சாவி மட்டும் அப்போது உங்கள் கையில் இருக்கட்டும்.