புள்ளைங்களுக்கு வெயிட் ஓவரா ஏறாம பாத்துக்கணும்னா ஸ்கூல் கேட்டுக்கு வெளியேருந்தே ஆரம்பிங்க
பெங்களூரு அல்சூர் பக்கம் ஸ்கூல் விட்டதும் கேட்டுக்கு எதிர்லயே கோபி மஞ்சூரி, பப்ஸ், கலர் ஜூஸ்னு நிக்குதுல்ல, முதல்ல அதப் பாருங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2020 ரூல்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்குற ஐட்டம் கேன்டீன்லயும் விக்கக்கூடாது, கேட்லேர்ந்து 50 மீட்டருக்குள்ளயும் கூடாது, அதனால நாலஞ்சு பேரண்ட்ஸா சேந்து பிரின்சிபல்கிட்ட எழுதியே குடுங்க (வண்டிக்கார அண்ணன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, சுண்டல், வேகவச்ச கடலைக்காய் போடச் சொல்லுங்க, அவரும் பொழைக்கணும்ல). சிபிஎஸ்இ ஸ்கூல்னா சுகர் போர்டு (எதுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு காட்டுற போர்டு) வெச்சாச்சான்னு கேளுங்க, 2025லயே சொல்லிட்டாங்க. பி.டி. பீரியட்ட மேத்ஸுக்குத் தூக்கிக் குடுத்தா விடாதீங்க, 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் டெய்லி சராசரியா 60 நிமிஷமாவது நல்லா ஓடியாடணும்னு உலக சுகாதார அமைப்பே (டபிள்யூஹெச்ஓ) சொல்லுது. அபார்ட்மெண்ட்ல பந்து வெளையாடக்கூடாதுன்னு போர்டு இருந்தா அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல கழட்ட வைங்க. புள்ளைய 'குண்டு'னு கூப்பிடுறது சொந்த மாமாவே ஆனாலும் அங்கயே நிறுத்தச் சொல்லிடுங்க.