டிரைவ் ட்ரிப் ஆனதும் மாட்யூலைக் கழற்றாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் கம்பெனி கம்ப்ரஸர்களுக்கும் வேலை குறைவு. தடை முடிந்து ஸ்விட்ச் போட்டதும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ‘ஓவர் கரன்ட்’ என்று ட்ரிப் ஆகி நின்றுவிடும். “ஐஜிபிடி போச்சு” என்பார்கள். டிரைவுக்குள் மின்சாரத்தை வேகமாக ஸ்விட்ச் செய்யும் பாகம்தான் ஐஜிபிடி, அவை அடங்கிய கட்டிதான் மாட்யூல். போயிருக்கலாம். ஆனால் அதை உறுதி செய்கிறேன் என்று செய்யும் வேலைகளிலேயே நல்ல ஐஜிபிடியும் போய்விடுவது உண்டு.

முதலில் ரீசெட் பட்டன். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்தி ஸ்டார்ட் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் ஷார்ட் கரன்ட் அந்த மாட்யூல் வழியாகத்தான் பாயும். அதற்கு முன் ஃபால்ட் பதிவைப் பாருங்கள். ட்ரிப் ஆன நேரத்தில் கரன்ட் எவ்வளவு, டிசி பஸ் (டிரைவுக்குள் ஏசியை டிசியாக்கி கெபாசிட்டரில் தேக்கும் பகுதி) வோல்டேஜ் எவ்வளவு, எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைப் பல டிரைவ்கள் சேமித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் கொடுத்த கணமே ட்ரிப் என்றால் ஷார்ட்டைத் தேட வேண்டும். வேகம் குறையும்போது மட்டும் ‘ஓவர் வோல்டேஜ்’ வந்தால் எதுவுமே கெட்டிருக்காது. மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரம் பஸ்ஸில் ஏறுகிறது, மோட்டார் வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரத்தை டிரைவில் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சும்மா இருக்கையில் பஸ் சரியாக இருந்து, லோடு ஏறியதும் சரிந்தால் உள்ளே வரும் ஃபேஸ்களையும் ப்ரீசார்ஜ் ரிலேயையும் (கெபாசிட்டரை முதலில் மெதுவாகச் சார்ஜ் செய்யும் ரெசிஸ்டரை, சார்ஜ் ஆனதும் ஒதுக்கிவிடும் ரிலே) பாருங்கள்.

அப்புறம் மெக்கர், அதாவது உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி. மோட்டார் கேபிள் டிரைவில் மாட்டியிருக்கும்போதே மெக்கர் போட்டால் அந்த வோல்டேஜ் ஐஜிபிடி மேலும் விழும். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ வயர்கள் மூன்றையும் கழற்றிவிட்டு, மோட்டார் பக்கம் மட்டும் போடுங்கள்.

கையை உள்ளே விடும்முன் ஒன்று. 415 வோல்ட் சப்ளையில் டிசி பஸ் 580 வோல்டுக்கு மேல் நிற்கும். மெயினை அணைத்தாலும் கெபாசிட்டர் சார்ஜ் உடனே இறங்காது. மூடியில் எழுதியுள்ள நிமிடங்கள் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பி யாரும் கை வைக்காதீர்கள்.

வெடித்த மாட்யூலை மட்டும் மாற்றி ஸ்டார்ட் கொடுப்பது செலவு வைக்கும் தவறு. ஐஜிபிடிக்கு ஆன், ஆஃப் சிக்னல் கொடுக்கும் கேட் டிரைவர் போர்டும் சேர்ந்து அடிபட்டிருந்தால் புதியதும் அதே நிமிடம் போகும்.

ட்ரிப்பே ஆகாத கோளாறுதான் எனக்கு எரிச்சலானது. ஒரு ஐஜிபிடி ஷார்ட் ஆகாமல் ஓப்பன் ஆகிவிட்டால், அந்த ஃபேஸில் அரை அலை காணாமல் போகும். மோட்டார் உதறும், உறுமும், சூடாகும், ஆனாலும் சில சமயம் ஓடும். பேரிங் என்று சொல்லி மாற்றுவார்கள், வைண்டிங் கடைக்கும் அனுப்புவார்கள். திரும்பி வந்தும் அதே உதறல்! இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கிளாம்ப் மீட்டரில் எந்த ஃபேஸ் மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொண்டு, மோட்டார் வயர்கள் மூன்றையும் ஒரு இடம் தள்ளி மாட்டுங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் சுற்று திரும்பிவிடும், கம்ப்ரஸருக்கு அது ஆகாது. கோளாறு டிரைவின் அதே டெர்மினலில் நின்றால் டிரைவ்தான். வயரோடு நகர்ந்தால் கேபிளோ மோட்டாரோ.

இனி நம் கடற்கரைக்கே உரிய தவறு. பேனல் சூடாகிறது என்று கதவைத் திறந்து, எதிரே டேபிள் ஃபேன் வைப்பது. இறால் பண்ணை ஏரேட்டர் பேனல்களிலும் இதைப் பார்க்கலாம். உள்ளே போகும் காற்று உப்போடு போகிறது. போர்டில் படிந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு, தடங்களுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி செய்துவிடும். டிரைவ் ஓடும்வரை அந்தச் சூடே ஈரத்தை விரட்டும், நின்றுபோன மாதங்களில்தான் தங்கும். தடைக்காலம் முடிந்த முதல் நாள் வெடிப்புக்கு இதுவும் ஒரு காரணம். நிறுத்தி வைக்கும்போது பேனலுக்குள் சின்ன ஹீட்டர் எரியட்டும். ஓட்டும்முன் திறந்து போர்டைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கரன்ட் கொடுக்காதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு கொடுங்கள்.

அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த ஸ்பேர் டிரைவையும் எடுத்தவுடன் முழு வோல்டேஜில் போடக்கூடாது. அதன் கெபாசிட்டர்களுக்கு வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து வோல்டேஜைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், எவ்வளவு நேரம் என்பது கையேட்டில் இருக்கும்.