‘இன் லீவ்’ இல்லை, ‘ஒன் லீவ்’

ஒருவர் இன்று வேலைக்கு வரவில்லை என்று அலுவலக வட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் போடும்போது, ‘ஹீ இஸ் லீவ்’, ‘இன் லீவ்’ இரண்டையும் விட்டு ‘ஹீ இஸ் ஒன் லீவ்’ என்று எழுதுங்கள். ‘லீவில நிக்கிறார்’ என்று பேசிப் பழகிய நமக்கு அந்த ‘இல’ தானாகவே ‘இன்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு உரியது ‘ஒன்’. ‘ஹீ ஹாஸ் லெஃப்ட்’ இன்னும் மோசம், வேலையை விட்டே போய்விட்டார் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் விளங்கிக்கொள்ளக்கூடும். லீவு எதுவரை என்று சொல்ல ‘ரில் 5’ (5 வரை) என்று போட்டால், 5ஆம் திகதி வருவாரா என்பது தெரியாது. ‘பக் ஒன் த சிக்ஸ்த்’ (6ஆம் திகதி திரும்புவார்) என்று திரும்பும் நாளையே போடுங்கள்.

லீவு இன்னும் அனுமதிக்கப்படவில்லையென்றால் ‘ஒன் லீவ்’ பொருந்தாது. அப்போது ‘நொட் இன் ருடே’ போதும்.