சாட்ஸ்வொர்த்தில் ஒரு தெரு வரலாற்றுக் கண்காட்சி: நாள் குறிப்பதிலிருந்து பொருளைத் திருப்பிக் கொடுப்பது வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் மண்டபத்திலோ நூலகத்தின் ஓர் அறையிலோ தங்கள் பகுதி வரலாற்றைக் காட்சிக்கு வைக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கண்ணாடிப் பெட்டி எங்கே வாங்குவது?" என்பதுதான். பெட்டி அப்புறம். முதலில் நாளைக் குறியுங்கள்.

நம் ஆட்கள் ஏற்கெனவே கூடுகிற நாட்கள் இருக்கின்றன, அவற்றை ஒட்டியே வருஷத்தைப் போடுங்கள். 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக் கிளம்பிய முதல் கப்பல் ட்ரூரோ 342 பேருடன் நவம்பர் 16 அன்று இங்கே கரை சேர்ந்தது, அதனால் அந்த நாளில் ஊரெல்லாம் ஏதாவது ஒரு கூட்டம் நடக்கும். அதே நாளில் நீங்களும் திறப்பு விழா வைத்தால் பாதிப் பேர் வேறெங்காவது போயிருப்பார்கள். ஒரு வாரம் முன்னால் திறந்து மாதக் கடைசி வரை வைத்திருங்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், அரசு விடுமுறை, குடும்பமாக வர வசதியான நாள். ஆனால் அது பெரும்பாலும் புரட்டாசிக்குள் வந்துவிடும், அதனால் சாப்பாடு சைவமாகத்தான் இருக்க வேண்டும், சனிக்கிழமையில் வைக்கவே கூடாது, வீட்டில் படையல் இருக்கும். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் ஞாயிறுகளில் தனியாக நிகழ்ச்சி எதுவும் வேண்டாம், கோயில் வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தாலே போதும், படங்கள் தானாக வந்து சேரும். பிப்ரவரி 22 தில்லையாடி வள்ளியம்மை இறந்த நாள். காந்தி நடத்திய 1913 சத்தியாகிரகப் போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914இல் பதினாறு வயதில் இறந்த பெண். அந்த நாளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குங்கள், அவர்கள் வயதுதான் அவளுக்கும்.

அடுத்தது, கண்காட்சிக்கு ஒரே ஒரு கேள்வி. 1860 முதல் இன்று வரை எல்லாவற்றையும் ஒரு அறையில் திணித்தால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். "இந்தத் தெருவுக்கு நாம் எங்கிருந்து வந்தோம்?" என்ற ஒரு கேள்வியே சாட்ஸ்வொர்த்துக்கு மூன்று கண்காட்சிக்குக் காணும். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டுமென்று 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால், கேட்டோ மேனரிலிருந்தும், மாநகராட்சித் தொழிலாளர் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும், இன்னும் பல இடங்களிலிருந்தும் வீடு வாசலை விட்டுவிட்டு இங்கே வந்தவர்கள்தான் பாதித் தெரு. தெருவுக்குப் பெயர்கூட இல்லாமல் எண் போட்டுக் கொடுத்த இடம் இது, இன்னமும் "யூனிட் 3" என்றுதானே சொல்கிறோம்.

இதற்கு நான் பார்த்ததில் மிகச் சிறந்த வழி கேப் டவுனில் உள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துடையது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸும் அதே சட்டத்தால் காலி செய்யப்பட்ட பகுதிதான். 1994 டிசம்பரில் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் திறந்தார்கள். தரையில் பெரிய தெரு வரைபடத்தை விரித்து, அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் தாங்களே பெயரை எழுதும்படி விட்டார்கள். நீங்களும் செய்யலாம். கெட்டியான காடாத் துணி நான்கு மீட்டர் வாங்குங்கள், பழைய தெருக்களை நினைவில் வைத்திருக்கும் இரண்டு பேரை உட்காரவைத்து பென்சிலில் வரையுங்கள், கோடு சரியென்று மூன்றாவது ஆள் ஒருவர் சொன்ன பிறகே மையால் எழுதுங்கள். பேனா தண்ணீரில் கரையாததாக இருக்கட்டும். எங்கள் முதல் வரைபடம் டர்பன் ஜனவரி ஈரத்தில் ஊறி, நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் நீலக் கறையாகிவிட்டன. அவற்றில் சிலவற்றைத் திரும்ப எழுத அந்த ஆட்களே இல்லை. ஒவ்வொரு நாள் மாலையும் வரைபடத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

பொருள் சேர்ப்பதுதான் இதில் உயிரான பகுதி. வீட்டுக்குப் போனால் பாட்டிமார்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "அது பழைய குப்பை தம்பி, அதை யார் பாக்கப் போறா?" அந்தக் குப்பைதான் வேண்டும். கரும்பு வெட்டிய கத்தி, அம்மி, வாடகை ரசீது, குடியிருப்பை காலி செய்யச் சொல்லி வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை. பித்தளைப் பாத்திரம் தரும்போது உங்களுக்கு மரியாதையாக இருக்கட்டுமென்று புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேய்க்க வேண்டாம். அந்த விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் இருக்கும், ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கொஞ்சம் போகும்.

வாங்கும்போதே இரண்டு பிரதியில் ஒரு தாள் எழுதுங்கள்: என்ன பொருள், யாருடையது, ஏற்கெனவே உள்ள கீறல் எது, எந்தத் தேதியில் திரும்ப வரும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். உறவுக்காரரிடம் எதற்குத் தாள் என்று கூச்சப்படாதீர்கள், உறவுக்காரரிடம்தான் பின்னால் மனஸ்தாபம் வரும். படங்களை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், பின்பக்கம் பால்பாயிண்டால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து நகலைத் தொங்கவிடுங்கள், மூலப்படத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். பழைய சேலையோ காகிதமோ மூலமாகவே வைக்கத்தான் வேண்டுமென்றால் வெயில் படாத சுவர், வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. கைபேசியில் அளக்கும் செயலி இருக்கிறது, தோராயமாகக் காட்டும். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று அலமாரியை வாரம் ஒருமுறை பாருங்கள்.

விளக்க அட்டையில் "பித்தளைச் செம்பு, பழையது" என்று எழுதுவதானால் எழுதவே வேண்டாம். யார் கொண்டுவந்தது, எந்த வீட்டில் எங்கே இருந்தது, வீடு மாறும்போது எதை விட்டுவிட்டு இதை எடுத்தார்கள் என்று கொடுத்தவர் சொன்ன வாக்கியத்தையே போடுங்கள். ஐம்பது வார்த்தைக்குள், பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும். பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது, அதற்காகத் தமிழை எடுத்துவிடாதீர்கள், "இது என்ன எழுத்து?" என்று கேட்டுக்கொண்டு தாத்தா பக்கத்தில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அட்டையைச் சக்கர நாற்காலியில் இருப்பவரும் படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள்.

ஒரு மூலையில் முன்னோரைத் தேடும் மேஜை கட்டாயம் வேண்டும், கூட்டம் அங்கேதான் நிற்கும். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் வந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அந்த எண் இருந்தால் வேலை சுலபம். வரும்போதே பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள், எண் பெரும்பாலும் அதில் இருக்கும். எண் இல்லாவிட்டால் இன்றைய குடும்பப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கோவெண்டரும் பிள்ளையும் படையாச்சியும் பட்டியலில் பெயருக்குப் பின்னால் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை, ஆளின் பெயரும் தகப்பன் பெயரும்தான் உங்கள் பிடி. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார், அதனால் எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள், முத்துசாமியும் செங்கல்பட்டும் அப்போதுதான் காதுக்குப் பிடிபடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜாதி எழுதிய கட்டத்தைக் குடும்பத்தைக் கேட்காமல் பொதுவில் காட்டாதீர்கள். அதனால் அழுதுகொண்டு போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் பேசும் நிகழ்ச்சியை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வையுங்கள், இருட்டினால் வரமாட்டார்கள். மேடை வேண்டாம், வட்டமாக நாற்காலி. "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாயிருந்தது" என்பதோடு முடிந்துவிடும். "பாரக்ஸில் எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய்? வீட்டைக் காலி செய்ய லாரி வந்த அன்றைக்கு என்ன சமைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள், மின்வெட்டு வந்தால் என்று பாட்டரி விளக்கும் பவர் பேங்க்கும் கையில் இருக்கட்டும்.

அறிவிப்பு வாட்ஸ்ஆப்பில் போனால் போதாது. கோயில் பலகை, லோட்டஸ் எஃப்எம் வானொலியின் தமிழ் நிகழ்ச்சி, மளிகைக் கடை கதவு. கீழே ஒரு வரி சேருங்கள்: "வரும்போது வீட்டிலுள்ள பழைய படம் ஒன்று கொண்டு வாருங்கள், அங்கேயே நகல் எடுத்துத் திருப்பித் தருகிறோம்." அடுத்த கண்காட்சிக்கான பொருள் இந்த ஒரு வரியில்தான் வரும்.

முடிந்த மறுநாளே தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பொருளைக் கொடுங்கள், ஆளை வரச் சொல்லாதீர்கள். ஸ்கேன் எடுத்த படத்தின் பெரிய பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுக் கூடவே கொடுங்கள். டீ கொடுப்பார்கள், உட்கார்ந்து குடியுங்கள், அப்போதுதான் உள்ளறையிலிருந்து இன்னொரு பெட்டி வெளியே வரும்.