தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கணக்கெடுக்கும் முறை

ஒரு பனையில் 30 தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் 30 ஜோடி என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. இந்தக் குருவியில் கூடு கட்டுவது ஆண். அதை ஏற்பதும் ஒதுக்குவதும் பெண். ஒரு பெண் குடியேறியதும் ஆண் அந்தக் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கும். கொங்கண் கடற்கரையிலுள்ள கிகிமில் கவனித்து, பறவையியலாளர் சாலிம் அலி 1931-இல் விவரித்தது இதைத்தான். ஆகவே பாதியில் நின்றுபோன கூட்டுக்கும் மதிப்பு உண்டு. பெண் எதை வேண்டாம் என்றது என்பதற்கு அதுவே சாட்சி.

மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடி, நெற்பயிர் நார் கிழிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் ஊர்க்கோடிப் பனைகளைப் பார்க்கத் தொடங்குங்கள். நெல், கரும்பு, தென்னை, பனை ஓலைகளிலிருந்து கிழித்த நார்தான் கட்டுமானப் பொருள். கடைமடைக்குத் தண்ணீர் பிந்தும் என்பதால், உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதியையும் நடவுத் தேதியையும் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அவை இல்லாமல் திருவையாற்றுக் கணக்கைத் திருத்துறைப்பூண்டிக் கணக்கோடு ஒப்பிட முடியாது.

கூடு நாணலிலோ சம்பிலோ இருந்தால் குருவியின் மார்பைப் பாருங்கள். கருங்கோடுகள் இருந்தால் அது வேறு இனம், தனியாக எழுதுங்கள். நம் தூக்கணாங்குருவி ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் உச்சந்தலை பளிச்சென்ற மஞ்சள், முகம் கருப்பழுப்பு. பெண் ஊர்க்குருவிப் பெட்டை போலவே இருக்கும்.

8x42 இருநோக்கி, பென்சில், நோட்டு போதும். 25, 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நெருங்கினால் குருவிகள் சிதறும், நடத்தை எதுவும் தெரியாது. தென்மேற்குக் காற்றுக்கு மறைவாகக் கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கிழக்கே நின்றால் வெயிலும் உங்கள் முதுகுப்பக்கம் விழும். எந்தத் திசையில் எத்தனை கூடு என்பதையும் குறியுங்கள். வடகிழக்கு மழை தொடங்கிய பிறகு கட்டிய கூடுகளைத் தனியாக எழுதினால் இன்னும் நல்லது.

மரத்தைப் படமெடுத்து அச்சிட்டு, ஒவ்வொரு கூட்டுக்கும் எண் போடுங்கள். பனை மட்டை காய்ந்து தொங்கினால் கூடு இருக்கும் இடம் மாறித் தெரியும், ஒரே கூட்டுக்கு இரண்டு எண் விழும். வாரம் ஒருமுறை புதுப் படம் எடுப்பதுதான் இதற்கு வழி.

நிலைக்கு நான்கு குறிகள் போதும்:
மு – ஓலையில் நார் முடிச்சு, அல்லது வளையம் மட்டும்.
தொ – தொப்பி. மேலே கூரை, கீழே திறப்பு, நடுவே குருவி உட்காரும் குறுக்குப் பட்டை.
கு – முட்டை அறை மூடி, நுழைவுக் குழல் இறங்குகிறது.
வி – விழுந்தது, அல்லது கிழிந்தது.

உயிர்நாடி ‘தொ’தான். இந்த நிலையில் ஆண் கூட்டில் தொங்கி இறக்கையடித்துக் கூவும். பெண் உள்ளே நுழைந்து நாரை இழுத்துப் பார்க்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் ஆண் குழலை நீட்டும். ஆகவே ‘கு’ என்றால் பெண் ஏற்ற கூடு. பச்சைத் தொப்பிக்கு இன்னும் வாய்ப்பு உண்டு. பழுத்துப் பழுப்பாகியும் குழல் இறங்காவிட்டால் ஒதுக்கப்பட்டது என்று எழுதலாம். அதற்கு முன் மரத்தடியைப் பாருங்கள். காற்றில் குழல் அறுந்த கூடும் தொப்பி போலத்தான் தெரியும். அடுத்த ஆண் நாரைத் திருடி உருவிய கூடும் உண்டு, அதைப் பெண்ணின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

பெண் எதைப் பார்க்கிறது? பின்னல் அழகைவிடக் கூடு இருக்கும் இடம் முக்கியம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் தரையிலிருந்து உயரம், தொங்கும் கிளையின் பருமன், கீழே தண்ணீர் உண்டா, இவை மூன்றையும் கூட்டுக்குக் கூடு எழுதுங்கள். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் எண்ணிக்கை.

காலை 6 முதல் 9 வரை, 10 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாக் கூடுகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள்: எந்தக் கூட்டில் ஆண், எதில் பெண், யார் நார் கொண்டுவந்தது, யார் விரட்டியது. குருவியின் காலில் அடையாள வளையம் போடாமலே ஓர் ஆணுக்கு உரிய கூடுகள் புலப்படும், அது காவல் காப்பது தன் கூடுகளை மட்டுமே. பிடிக்கவோ வளையம் போடவோ வனத்துறை அனுமதி வேண்டும்.

குழல் இறங்கியதும் சுமார் 5 வாரம் அந்தக் கூட்டைத் தொடருங்கள். அடைகாப்பு 14 முதல் 17 நாள், குஞ்சு பறக்க இன்னும் ஏறத்தாழ 17 நாள். பெண் புழுவும் வெட்டுக்கிளியும் கொண்டுவரத் தொடங்கினால் குஞ்சு பொரித்துவிட்டது. குஞ்சுகள் பறந்த பிறகும் உள்ளே போய்வருவது சில்லை என்ற சிறு குருவியாக இருந்தால், அது கைவிட்ட கூட்டில் குடியேறிய விருந்தாளி.

மரத்திலிருந்து அடுத்த நெல்வயலின் தூரத்தையும், சுற்றுவட்டாரத்தில் கூடு தொங்கும் மரங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பறவைகளின் நடத்தையை ஆராய்ந்த ஜான் குரூக் 1964-இல், தூக்கணாங்குருவி சேர்ந்த நெசவுக்குருவிக் குடும்பத்தில் சுமார் 90 இனங்களை ஒப்பிட்டார். காட்டில் பூச்சி தின்பவை பெரும்பாலும் தனித்தனி ஜோடியாக வாழ்கின்றன, ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே நிறம். வெட்டவெளியில் தானியம் தின்பவை கூட்டமாகக் கட்டுகின்றன, ஓர் ஆணுக்குப் பல பெண், ஆணுக்குப் பளிச்சென்ற நிறம். தானியம் விளைந்த இடத்தில் கொட்டிக் கிடக்கும், வேலி போட்டுக் காக்க முடியாது. பத்திரமான மரமோ சிலதான். நல்ல மரத்தைப் பிடித்த ஆணிடம் பல பெண்கள் சேர்வது அதனால்தான். 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்த ஊர்களில் மரக் கணக்கு இன்னும் முக்கியம்.

பருவம் முடிந்து தானாக விழுந்த கூடுகளை மட்டும் எடுங்கள். பேன் இருக்கும், கையுறை போடுங்கள். குழலின் நீளத்தை அளந்து, பக்கவாட்டில் கத்தரியால் திறந்து பாருங்கள். மின்மினி விளக்கு என்று ஊரில் சொல்லும் இடத்தில் காய்ந்த களிமண் ஒட்டியிருக்கும். தொப்பியிலேயே நின்ற கூடுகளையும் திறந்து, களிமண் உண்டா இல்லையா என்று அதன் எண்ணுக்கு நேராகக் குறித்துவிடுங்கள்.